கால் கிளினிக்கின் பதிவேடு

உங்கள் ஆயுளில் எத்தனை வருடத்தை விட்டுக்கொடுப்பீர்கள் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பது என் தொழிலின் ஒரு பகுதி. கேட்கும்போது சிரிக்கக்கூடாது. இரக்கமும் காட்டக்கூடாது. "காலில் ஆறாத புண்ணோடு பத்து வருடம் வாழலாம், அல்லது புண் எதுவும் இல்லாமல் அதைவிடக் குறைந்த காலம் வாழலாம். எத்தனை வருடம் குறைந்தால் உங்களுக்குச் சம்மதம்?" இதுதான் கேள்வி. வரும் பதிலிலிருந்து, நல்ல கால் ஒரு மனிதருக்கு எவ்வளவு பெறுமதியானது என்று ஓர் இலக்கத்தை எடுப்போம்.

தென்மராட்சியில் ஒரு வீட்டு முற்றத்தில் நான் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, புகையிலைத் தோட்டம் செய்யும் ஒரு பெரியவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"எனக்கு எழுபத்தெட்டு வரைக்கும் எண்டு சாதகத்திலை கிடக்கு. இப்ப அறுபத்தொன்பது. மிச்சம் ஒன்பதுதானே? நீர் எங்காலை பத்துத் தாறீர்?"

"ஒரு கதைக்குத்தான் ஐயா. பத்து எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ."

"கதைக்கும் ஆயுசிலை கை வைக்கக்கூடாது பிள்ளை."

அவருடைய மனைவி கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "கட்டாயம் வேணுமெண்டால் உவற்றை அண்ணற்றை ஆயுசிலை எடுங்கோ. அந்தாள்தான் வேலியை எங்கடை பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டு நிக்கிது."

அன்றைக்கு என் படிவத்தில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. அடுத்த வீட்டிலும் சாதகம். அதற்கடுத்த வீட்டுப் பெண், மகளின் கலியாணம் முடியும்வரை ஒரு நாள்கூடத் தரமுடியாது என்றார். "முடிஞ்சாப் பிறகு வாரும், யோசிப்பம்" என்று தேத்தண்ணீரும் தந்தார்.

எதற்காக இந்த வேலை என்பதைச் சொல்லவேண்டும். அந்தப் பகுதியில் ஒரு சிறிய வைத்தியசாலையில், செவ்வாய்க்கிழமைகளில் சீனி வருத்தக்காரரின் கால்களை மட்டும் பார்க்கும் ஒரு கிளினிக் நடந்துவந்தது. ஓர் அறை, ஒரு தாதி, நோயாளிகள் இருக்க ஒரு நீண்ட வாங்கு. ஊரில் அதற்குக் கால் கிளினிக் என்று பெயர். இரத்தத்தில் சீனி கூடியவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறையும். தோட்டத்தில் வெறுங்காலோடு நிற்பவருக்கு முள் ஏறினாலும் தெரியாது. கோயில் வீதியின் சுடுமணலில் நடந்து கொப்புளம் போட்டாலும் தெரியாது. தெரியவரும்போது காலை எடுக்கவேண்டி வந்துவிடும். அந்தத் தாதி ஒரு மெல்லிய நைலோன் இழையால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டு, எங்கே உணர்ச்சி இல்லை என்று பார்ப்பார். தடித்த தோலைச் சீவுவார். புண்ணுக்கு மருந்து கட்டுவார்.

பரீட்சார்த்தமாகத் தொடங்கிய கிளினிக் அது. தொடர்வதா, மூடிவிட்டுத் தாதியை வார்ட்டுக்கு அனுப்புவதா என்று ஒரு குழு முடிவெடுக்க இருந்தது. அந்தக் குழுவுக்குக் கணக்குச் செய்து கொடுக்கவேண்டியவள் நான். இந்தக் கிளினிக்குக்குப் போகும் செலவால் எத்தனை கால்கள் தப்புகின்றன, அதே செலவை வேறு சிகிச்சைக்குக் கொடுத்தால் மக்களுக்கு இதைவிடக் கூடுதல் நலம் கிடைக்குமா என்று பார்க்கும் படிப்புக்குச் சுகாதாரப் பொருளியல் என்று பெயர். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைப் பிழையில்லாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

அதில் எனக்குப் பெருமை. மறைக்கவேண்டிய அவசியமில்லை. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதுவும் இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடப் படிவங்களை எட்டு வயதிலிருந்து நானே நிரப்பி, அம்மாவின் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி வைத்தேன். இணுவிலில் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகும் அந்த அம்மாவின் மகள், இப்போது மாகாணத்தின் ஒரு திட்டமிடல் கந்தோரில் கதிரையும் கணினியும் உள்ள ஆய்வு உத்தியோகத்தர். ஆகவே அந்த அறிக்கையை யாரும் குறைசொல்லமுடியாதபடி செய்யவேண்டும் என்று நினைத்தேன்.

என் பக்கத்து மேசையில் தரவுகளைப் பார்க்கும் ஓர் அண்ணை இருந்தார். அனுபவசாலி. சாதகக்காரரின் படிவங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"உதுகளை வெட்டி எறியும் தங்கச்சி. செல்லாத விடை."

"சாதகத்திலை இருக்கிறதைத்தானே அண்ணை அவை சொல்லினம். கேள்விதான் அவைக்குப் பொருந்தேல்லை."

"அப்ப சாதகத்தையும் கணினிக்குள்ளை போடப் போறீரோ?"

"சாதகத்தைப் போடேல்லை. ஆனா அவையை விட்டால் ஒரு விடை வரும், ஒரு நாளும் தராதவை எண்டு சேத்தால் வேறை விடை வரும். ரெண்டையும் செய்து பாப்பம்."

செய்து பார்த்தேன். நிச்சயமில்லாத ஒவ்வொரு விடயத்துக்கும் ஒரே இலக்கத்தைக் கொடுக்காமல், குறைந்தது இவ்வளவு, கூடியது இவ்வளவு என்று ஒரு வீச்சைக் கொடுப்போம். கணினி அந்த வீச்சுகளுக்குள் இலக்கங்களை மாற்றி மாற்றி எடுத்து, ஆயிரம் தடவை கணக்கைச் செய்யும். ஒவ்வொரு தடவைக்கும் திரையில் ஒரு புள்ளி விழும். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே விழும் புள்ளிகள் கிளினிக்குக்கு ஓம் என்கின்றன. மேலே விழுபவை வேண்டாம் என்கின்றன. சாதகக்காரரை விட்டாலும் சேர்த்தாலும், என் புள்ளிகள் எல்லாம் கீழேயே கூட்டமாக விழுந்தன. மருந்துச் செலவைக் கூட்டினேன், குறைத்தேன். காயம் ஆறும் காலத்தை நீட்டினேன். அசையவில்லை. அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கெட்டிக்காரிதான்" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே ஒரு விடயத்துக்கு மாத்திரம் நான் வீச்சு கொடுக்கவில்லை. கிளினிக்குக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு. அதற்கு எதற்கு வீச்சு? அதுதான் வைத்தியசாலைப் பதிவேட்டில் பெயரோடும் திகதியோடும் இருந்ததே.

குழு கூடுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, வைத்தியசாலையின் ஒரு கடிதத்தை வாங்குவதற்காகச் சாவகச்சேரிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் அந்த வைத்தியசாலைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை. கடிதத்தில் கையொப்பமிட வேண்டிய டொக்டர் வார்ட்டில் நின்றதால் கால் கிளினிக்கின் வாங்கில் ஓரமாக இருந்தேன். அதுவரை பதிவேட்டைத்தான் பார்த்திருந்தேன். கிளினிக் நடக்கும்போது அங்கே இருந்து பார்த்ததில்லை.

ஓர் இளம்பெண், நோயாளிகளுக்கு வைத்தியசாலை கொடுக்கும் கிளினிக் கொப்பிகள் மூன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். மாமா, மாமி, அயல்வீட்டுக்காரர். மேசையில் இருந்த சிற்றூழியர் மூன்று நம்பர் எழுதினார். பதிவேட்டில் மூன்று பேருக்கும் அடையாளம் போட்டார். கொஞ்சநேரத்தில் அவளுக்கு மூன்று பேரின் மருந்துக் குளிசைகளும், புண்ணுக்குக் கட்டும் துணியும் கிடைத்தன.

நான் அவளிடம் கேட்டேன். "மாமா வரேல்லையோ?"

"அவர் தோட்டத்திலை புகையிலைக்குத் தண்ணி மாறுறார்."

"கால் பாக்கவேணுமே?"

"கால் கிடக்கு வீட்டை" என்றாள் அவள். அதில் அவளுக்கு ஒரு விசித்திரமும் தெரியவில்லை. "கொப்பி கொண்டந்தனான்தானே."

மேசையிலிருந்த கொப்பி அடுக்கைப் பார்த்தேன். பிறகு வாங்கில் இருந்தவர்களின் கால்களைப் பார்த்தேன். இரண்டும் ஒத்துவரவில்லை. பக்கத்தில்கூட வரவில்லை.

என்னை அதிகம் சுட்டது வேறொன்று. அம்மாவின் சீனிக் கொப்பியை மாதாமாதம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் நான்தான். சாதாரணதரம் படித்த காலத்திலிருந்து. அம்மா தோட்டத்தில் நிற்பார். நான் கொப்பியை வைத்து, நம்பர் எடுத்து, குளிசையோடு வீட்டுக்குப் போவேன். அங்கே எத்தனை பதிவேடுகளில் அம்மா "வந்தார்" என்று இருந்திருப்பார்! யாழ்ப்பாணத்தில் வளர்ந்த யாருக்கும் தெரிந்த விடயம். தெரிந்தே இருந்தும், கணக்கில் வந்ததும் நான் அதை மறந்துவிட்டேன். பதிவேட்டில் இருந்தது கொப்பிகளின் வருகை. நான் அதைக் கால்களின் வருகை என்று எழுதியிருந்தேன்.

கிளினிக் முடிந்ததும் தாதியிடம் போனேன். எல்லோரும் அவரை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். உடுப்பிட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவர், நாற்பது வயதிருக்கும். கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"உது உமக்கு இப்பதான் தெரியுமோ?"

"நீங்கள் சொல்லேல்லையே மிஸி."

"நீர் கேக்கேல்லையே. எத்தினை பேர் வந்தவை எண்டு கேட்டீர், பதிவேட்டைத் தந்தன். கால் எத்தினை எண்டு ஆரும் என்னட்டைக் கேட்டதில்லை."

"அறிக்கையிலை மாத்தி எழுதவேணும்."

அவர் கையைக் கழுவுவதை நிறுத்தினார். "உதை எழுதினால் மூடிப்போடுவினம்."

"எழுதாட்டி?"

"எழுதாட்டி நடக்கும். என்ன பிள்ளை, உமக்கு விளங்கேல்லையோ? வாற சனத்தின்ரை காலை வேறை ஆர் பாக்கிறது? வார்ட்டுக்கு என்னை அனுப்பினால் அங்கை நான் கட்டில் விரிப்பு எண்ணிக்கொண்டு நிப்பன்."

அவர் சொன்னது சரி. ஆனால் மூடிமறைத்து எழுதினால், நாளைக்கு இதே கிளினிக்கை இன்னும் இரண்டு இடத்தில் திறப்பார்கள்; அங்கும் கொப்பிகள் வரும், கால்கள் எடுபடும். அப்போது யாராவது ஒருவர் என்னைப்போல வாங்கில் இருந்து பார்ப்பார். அதன்பிறகு மிஸியின் கிளினிக்கையும் யாரும் நம்பமாட்டார்கள், என் இலக்கங்களையும் நம்பமாட்டார்கள். இதை அவரிடம் சொன்னேன். அவர் துவாயால் கையைத் துடைத்து, அலுமாரியைத் திறந்து, ஒரு சப்பாத்துப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார்.

பெட்டி நிறைய அட்டைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு உள்ளங்கால்களின் படம். இழை தொட்டும் உணராத இடங்களில் சிவப்புப் புள்ளி. கீழே திகதி.

"கால் பாத்தா கீறி வைப்பன். சனம் கூடின நாளிலை கீற நேரமில்லை. எல்லாம் இருக்காது" என்றார்.

எனக்கு அது போதும். அட்டை உள்ள கால்கள் நிச்சயமாக வந்தவை. ஆகவே குறைந்தது அவ்வளவு. பதிவேட்டில் உள்ளதைவிடக் கூடுதலாக வந்திருக்கமுடியாது. ஆகவே கூடியது அவ்வளவு. உண்மை இடையில் எங்கோ இருக்கிறது. நாங்கள் இருவரும் நிலத்தில் பாயை விரித்து, அட்டைகளைத் திகதிவாரியாக அடுக்கினோம். கடைசி பஸ்ஸை நான் மயிரிழையில் பிடித்தேன்.

அடுத்தநாள் கணக்கைத் திரும்பச் செய்தபோது புள்ளிகள் சிதறின. கோட்டுக்குக் கீழே ஒரு கூட்டம், மேலே ஒரு கூட்டம். அண்ணை எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"முந்தி நல்ல வடிவா நிண்டுது. ஏன் கிளறினீர்?"

அன்று முழுவதும் சாப்பிடாமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம்தான் ஒன்று பிடிபட்டது. எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக மட்டும் அசைத்துப் பார்த்தேன். மருந்து விலை அசைந்தால் முடிவு மாறவில்லை. சாதகக்காரரின் ஆயுள் அசைந்தாலும் மாறவில்லை. கால் வருகிறதா, கொப்பி வருகிறதா என்பது அசைந்தால் மட்டும் முடிவு புரண்டது. ஆக, நமக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. ஆறு மாதம் கால்களை எண்ணினால் போதும். இன்னொன்றும் இருந்தது. கிளினிக்கை ஆறு மாதம் நடத்திவிட்டுப் பிறகு மூடலாம். இன்று மூடினால் ஆறு மாதத்துக்குப் பிறகு திறப்பது லேசில்லை. மிஸி வேறிடத்தில் இருப்பார், அறை களஞ்சியமாகியிருக்கும். இரண்டு பக்கமும் பிழைவிட வாய்ப்பு இருந்தது. ஆனால் ஒரு பிழையைத்தான் திருத்தலாம்.

குழுவின் தலைவர் நீண்டகாலம் நிர்வாகத்தில் இருந்த ஒரு சேர். நான் முதல் தாளைக் காட்டியபோதே கையை உயர்த்தினார்.

"உந்தப் புள்ளியெல்லாம் இருக்கட்டும் பிள்ளை. ஒரு இலக்கம் சொல்லும். லாபமோ நட்டமோ?"

"ஒரு இலக்கம் போன கிழமை என்னட்டை இருந்தது சேர். நல்ல இலக்கம். ஆனா அது பிழை."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. தலைவர் சிரிக்கவில்லை. "பிழையை ஒப்புக்கொள்ளவோ இவ்வளவு தூரம் வந்தனீர்? உறுதியாச் சொல்லேலாதெண்டால் உமக்கு எதுக்குச் சம்பளம்?"

 நான் திருப்பி ஒரு கேள்வி கேட்டேன். அது எனக்கு இன்றும் சந்தோசம்.

"சேர், உங்கடை வீட்டிலையும் ஆரேனும் கொப்பி குடுத்துவிட்டு மருந்து எடுக்கிறவையோ?"

 "என்ரை மாமியாருக்கு நான்தான் எடுக்கிறனான்."

"அப்ப உங்கடை மாமியார் போன மாசம் கிளினிக்குக்குப் போனவ எண்டு அங்கத்தைப் பதிவேட்டிலை கிடக்கும்."

அவருக்குப் பக்கத்திலிருந்த ஒரு பெண் டொக்டர் மேசையில் தட்டிச் சிரித்தார். "சேர், உங்கடை மாமி நல்லா நடக்கிறா போலை!"

தலைவரும் இந்தமுறை சிரித்துவிட்டார். அதன்பிறகு நான் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இது, அதை அறிய இவ்வளவு காலம் எடுக்கும், அதுவரை மூடினால் இழப்பது இது, திறந்து வைத்தால் இழப்பது இது. மூன்று தாள்கள்தான். கடைசியில் தலைவர் கேட்டார்: "ஆறு மாசத்துக்குப் பிறகு வந்து வேண்டாம் எண்டு சொல்லவும் நீர் ரெடியோ?"

"ஓம் சேர். அப்பிடி வந்தால் நானே எழுதித் தாறன்."

ஆறு மாதம் தந்தார்கள்.

மிஸி அந்த ஆறு மாதத்தை ஒரு போர் மாதிரித்தான் நடத்தினார். கொப்பி கொண்டுவருபவர்களுக்குக் குளிசை மருந்து யன்னலில் கிடைக்கும். கால் கிளினிக் நம்பர் காலுக்கு மட்டும்தான் என்று அறிவித்தார். முதல் கிழமை ஒரே அமளி.

"மிஸி, என்ரை மனுசன்ரை காலைக் கழட்டிக் கொண்டுவரட்டோ?" என்று ஒரு பெண் சத்தம் போட்டாராம்.

"நீர் கொண்டுவராட்டி, டொக்டர் கழட்டிப்போடுவார்" என்றாராம் மிஸி.

இரண்டாம் மாதம் ஆட்கள் குறைந்தார்கள்.  மிஸிதான் காரணத்தைக் கண்டுபிடித்தார்: காலையில் தண்ணீர் மாறுவது, சந்தைக்குப் போவது. டொக்டரிடம் பேசி, கிளினிக்கை மத்தியானம் இரண்டு மணிக்கு மாற்றினார். அதன்பிறகு கால்கள் வந்தன. சேற்றுக் கால்கள், புகையிலைப் பிசின் ஒட்டிய கால்கள். ஒரு கால் வந்தால் ஓர் அட்டை. அட்டை இல்லாமல் ஒருவரும் வாங்கைவிட்டு எழும்பக்கூடாது. சாதகக்காரப் பெரியவரும் வந்தார். கட்டைவிரலடியில் பழைய முள் ஒன்று சீழ்ப்பிடித்திருந்தது, அவருக்குத் தெரியவே தெரியாது.

கடைசி மாதத்து அட்டைகளைச் சேர்த்து நான் கணினியில் கணக்கை ஓட்டவிட்டபோது, அண்ணை தன் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார். புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கோட்டுக்குக் கீழே. மறுபடியும் கீழே. ஒருசில மேலே போயின. அவற்றை நான் அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன். ஆனால் மற்றக் கூட்டம் முழுதும் கீழே நின்றது. முன்பு பிழையான இலக்கத்தில் நின்றதைவிட நெருக்கமாக நின்றது. உண்மையாக வந்த ஒவ்வொரு காலும், நான் பதிவேட்டை நம்பி நினைத்ததைவிடக் கூடுதலான பலனைப் பெற்றிருந்தது.

இரண்டாவது கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நடந்தது. இந்தமுறை தலைவர் இலக்கம் கேட்கவில்லை. "வீச்சு எவ்வளவு?" என்றுதான் கேட்டார். சொன்னேன். "மேலை போன புள்ளியள் ஏன்?" என்றார். ஆட்கள் குறைந்த இரண்டாம் மாதம்போலவே தொடர்ந்தால் அப்படி வரும் என்று அதையும் சொன்னேன். அந்தச் சொல்லையும் அந்தக் கேள்வியையும் அந்த மேசைக்குக் கொண்டுவந்தவள் நான் என்பது என் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. கிளினிக் நிரந்தரம் என்று தீர்மானம் எழுதப்பட்டது. இன்னும் இரண்டு வைத்தியசாலைகளில் திறப்பது, அங்கே முதல் நாளிலிருந்தே கால்களை எண்ணுவது, எண்ணும் படிவத்தை நான் தயாரிப்பது என்றும் எழுதினார்கள். தலைவர் தீர்மானத்தை வாசித்துவிட்டு, "பிள்ளையின்ரை பேரை அறிக்கையிலை முதல் போடுங்கோ" என்றார்.

விறாந்தைக்கு வந்து மிஸிக்குப் போன் எடுத்தேன். பின்னால் கிளினிக்கின் இரைச்சல் கேட்டது.

"மிஸி, கிளினிக் தொடர்ந்து நடக்கும். நிரந்தரம். இன்னும் ரெண்டு இடமும் திறக்கினம்."

  அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே வாங்கைப் பார்த்துக் கத்தியது என் காதைப் பிளந்தது.

"எங்கடை கால் கிளினிக் இனி மூடுறேல்லையாம்!"

யாரோ கை தட்டினார்கள். ஒரு கிழவரின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது.

"அது நல்லது மிஸி. இப்ப எத்தினையாம் நம்பர் போகுது?"